அரச காணியில் ஒரு கூடாரம்

கோடை விடுமுறை வருவதற்கு முன்னரே எம்மவர் இல்லங்களில் ஒரு வாக்குவாதம் ஆரம்பித்துவிடுகின்றது. பாடசாலையில் கூடப் படிக்கும் பிள்ளையொன்று வடக்கே ஏதோவோர் ஏரிக்கரையில் பத்து நாட்கள் கூடாரமடித்துத் தங்கிவந்த கதையை எம் பிள்ளை கேட்டு வருகின்றது. "நாங்களும் போவமா அப்பா?" என்கின்றது. எம்மிற் பலரிடம் இதற்கு ஆயத்தமாக இருக்கும் பதில் ஒன்றுதான்: "கூடாரத்தில் இருந்தது போதும்."

இப்பதிலை நான் இகழ்ந்துரைக்கமாட்டேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து மழையில் நடந்தவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். இரவில் கிளாலிக் கடலேரியை வள்ளத்திற் கடந்தவர்கள் இருக்கின்றார்கள். மண்டபம் முகாமிலே பிறந்தவர்களும், 2009இல் மெனிக் பாமின் தறப்பாள் கொட்டில்களில் மாதக்கணக்கில் வெந்தவர்களும் இருக்கின்றார்கள். நான் முதன்முதலாகக் கூடாரமொன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, எங்கள் அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காசும் குடுத்து அகதியாப் போறியளோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கூடாரம் இரண்டு ஆண்டுகள் நிலவறையிற் கிடந்தது.

ஆயினும் இவ்வாண்டு நான் இதைப் பற்றி எழுதத் துணிகின்றேன். நியூ ஜேர்சியிலும் ரெக்சாசிலும் கலிபோர்னிய வளைகுடாப் பகுதியிலும் வாழும் எமது குடும்பங்கள் வாடகை வீடு, வேலைத்தலம், கோயில், கடைத்தெரு என்ற நாற்கோணத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. இந்நாட்டில் எமக்கும் உரிமையுள்ள ஒன்றை அறியாமலே எம் பிள்ளைகள் வளர்கின்றார்கள்.

"அரச காணி" என்ற சொல் எமக்குக் கசக்கும். ஊரில் அரச காணி என்றால் நாம் போகக்கூடாத காணி என்றே பொருள். 2009க்குப் பின்னர் வடக்கிலே வனத் திணைக்களமும் தொல்லியல் திணைக்களமும் எல்லைக்கல் நாட்டிய காணிகள் பற்றிய பிணக்குகள் இன்னமும் தீரவில்லை. இங்கேயோ நிலைமை வேறு. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசிடம் சுமார் 64 கோடி ஏக்கர் நிலம் உள்ளது. இலங்கை முழுவதும் 1 கோடி 62 இலட்சம் ஏக்கர்தான். அதாவது, ஏறத்தாழ நாற்பது இலங்கைகள். தேசியப் பூங்காச் சேவை, வனச் சேவை, நில முகாமைப் பணியகம், மீன் மற்றும் வனவிலங்குச் சேவை ஆகிய நான்கும் இதிற் பெரும்பகுதியைப் பராமரிக்கின்றன. நில முகாமைப் பணியகத்தின் காணிகளிற் பெரும்பாலானவற்றில் எவரும் காசு கொடாமல் பதினான்கு நாட்கள் வரை கூடாரமடித்துத் தங்கலாம். "நீ யார், எந்த ஊர், யாருடைய மகன்?" என்று கேட்டு வாசலில் நிறுத்துவாரில்லை.

ரெக்சாசில் உள்ளவர்கள் இதை நம்ப மறுப்பதில் வியப்பில்லை. அம்மாநிலத்தின் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பங்கு தனியாருடையது. எங்கு திரும்பினும் முட்கம்பி வேலிதான். பொதுநிலம் மிகுந்து கிடப்பது மேற்கிலும் வடக்கிலுமே. அதிலும் அலாஸ்காவில் கண்ணுக்கெட்டாத அளவுக்கு உண்டு. டெனாலி தேசியப் பூங்காவும் அதனோடு சேர்ந்த காப்பகமும் மட்டும் 60 இலட்சம் ஏக்கர். அங்குள்ள மலையின் உயரம் 20,310 அடி. எமது பீதுருதலாகலை 8,281 அடி.

இனிப் பயண ஏற்பாட்டுக்கு வருவோம். எம்மவர் பயணமென்றால் முதலில் தேடுவது வாகனத்தை. அடுத்தது சமையற் பாத்திரங்களை. ஆனால் வடக்கு நோக்கிப் போகும் அகதிக் குடும்பம் முதலிற் திறக்கவேண்டியது தன் வழக்குக் கோவையை.

அலாஸ்கா அமெரிக்காவின் ஒரு மாநிலம். ஆயினும் அங்கே தரைவழியாகப் போகவேண்டுமெனில் கனடாவினூடாகவே போகவேண்டும். வேறு தெரு இல்லை. "அதே நாடுதானே" என்று எண்ணிக் காரில் ஏறும் குடும்பம் எல்லைச் சாவடியிலேதான் தான் வேறொரு நாட்டின் வாசலில் நிற்பதை உணரும். புகலிட விண்ணப்பம் முடிவாகாத நிலையில், முன்னனுமதிப் பத்திரம் பெறாமல் நாட்டைவிட்டு வெளியேறுபவர் தமது விண்ணப்பத்தைக் கைவிட்டவராகவே கருதப்படுவார். இது விதி. ஒரு மணி நேரம் போய் வந்தாலும் விதி அதுவே. பத்திரம் கையில் இருந்தாலும் கனடா உள்ளே விடவேண்டும், அமெரிக்கா மீண்டும் உள்ளே விடவேண்டும். புகலிடம் கிடைத்தவர்களுக்கு அகதிப் பயணப் பத்திரம் உண்டு. அதன்மேல் கனடா விசா கேட்குமா என்பதையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும். பச்சை அட்டை பெற்றவர்களும் அட்டையை மாத்திரம் காட்டிக் கடந்துவிடலாமென்று எண்ணக்கூடாது. இவற்றைக் கோயில் மண்டபத்திற் சந்திக்கும் நண்பரிடம் கேட்டறியாதீர்கள். உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஆகவே, வழக்கு முடியாதவர்கள் அலாஸ்காவுக்குப் போவதாயின் ஆகாய வழியே ஏற்றது. நியூவார்க், சான் பிரான்சிஸ்கோ, ஹியூஸ்ரன் எங்கிருந்து புறப்பட்டாலும் சியாற்றில் வழியாக அங்கரேஜுக்குப் போகலாம். அது உள்நாட்டுப் பயணம். ஆனாற் பயணச்சீட்டு வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள். மலிவான சீட்டுகளிற் சில வன்கூவர் வழியாகப் போகும். ஐம்பது டொலரை மிச்சம் பிடிக்கப்போய்ப் பத்து ஆண்டு வழக்கை இழக்கவேண்டாம். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கும் புதிய தரத்துக்கேற்ற அடையாள அட்டை வேண்டும். அது இல்லாதவர்கள் பச்சை அட்டையையோ, படமுள்ள வேலை அனுமதி அட்டையையோ காட்டலாம். கடல் வழியும் ஒன்று உண்டு. வாஷிங்ரன் மாநிலத்தின் பெலிங்காமிலிருந்து அலாஸ்கா அரசின் கப்பல் கனடாத் துறைமுகம் எதிலும் நிற்காமல் கெச்சிக்கானுக்குப் போகின்றது. மேற்தட்டிலேயே சிறு கூடாரமடித்துத் தூங்கும் பயணிகளும் உளர். எனினும் அவ்வழியே போய் ஹெயின்சிலோ ஸ்காக்வேயிலோ இறங்கி, அங்கிருந்து காரில் அங்கரேஜுக்குப் போக நினைத்தால் மறுபடியும் கனடா குறுக்கே நிற்கும்.

எல்லையை அண்டிய இடங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் தேசிய வனத்திலே, எல்லை நீர்நிலைகள் என்ற வனாந்தரப் பகுதி உள்ளது. பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள். தோணியிற் போய், ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் தோணியைத் தோளிற் சுமந்து நடந்து, மறுபடியும் நீரில் இறங்கவேண்டும். அழகென்றால் அப்படியோர் அழகு. ஆனால் சகனாகா, நைவ், பாஸ்வூட் போன்ற ஏரிகளின் நடுவே நாட்டின் எல்லைக்கோடு ஓடுகின்றது. நீரில் வேலியும் இல்லை, பலகையும் இல்லை. காற்று வளமாக வீசினால் துடுப்புப் போடாமலே மறுநாட்டிற் கரையேறிவிடலாம். வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் இத்தகைய ஏரிகளை விடுத்து உள்ளே தள்ளியிருக்கும் ஏரிகளையே தெரிவு செய்யவேண்டும்.

எல்லையிலிருந்து நூறு மைல் வரையிற் குடிவரவுக் காவற்படையினர் வாகனங்களை நிறுத்தி விசாரிக்க விதி இடமளிக்கின்றது. பிக் பென்ட் பூங்காவுக்குப் போய் வந்த ரெக்சாஸ் அன்பர்களுக்கு இது புதிதல்ல. திரும்பும் வழியில் நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியைக் கண்டிருப்பார்கள். நியூ ஜேர்சியிலிருந்து அடிரொண்டாக் மலைகளுக்குப் போகும் 87ஆம் இலக்க நெடுஞ்சாலையிலும் அவ்வாறான சாவடி இடைக்கிடை போடப்பட்டதுண்டு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பிறநாட்டவர் தம் பதிவுப் பத்திரத்தை உடன் வைத்திருக்கவேண்டும் என்பது பல பத்தாண்டுகளாக உள்ள சட்டம். மூலப் பத்திரங்களை நீர் புகாத பையில் இட்டு இடுப்பிற் கட்டுங்கள். பிரதிகள் வீட்டிலும் வழக்கறிஞரிடமும் இருக்கட்டும். தோணி கவிழ்ந்தால் சோற்றுப்பானை போகலாம். அந்தப் பை போகக்கூடாது. இக்காலத்து நிலைமையிற் சாவடிகளைக் கண்டு மனம் பதறுபவர்கள் எல்லைப்புறத்துக்கே போகாதிருப்பது கோழைத்தனமாகாது. வளைகுடாப் பகுதியிலிருந்து வடக்கே காரில் ஒரு பகற்பொழுதுத் தூரத்தில், எல்லைக்குப் பல நூறு மைல் இப்பால், லாசன் எரிமலைப் பூங்கா இருக்கின்றது. அதுவும் பொதுநிலந்தான்.

பூங்காக் காவலரின் உடுப்பைக் கண்டும் எம்மவர் ஒதுங்குவதுண்டு. சாம்பல் நிறச் சட்டை, பச்சைக் காற்சட்டை, தட்டையான அகன்ற தொப்பி. சிலரது இடுப்பில் துப்பாக்கியும் இருக்கும். என் மனைவி முதல் தடவை கண்டபோது பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அந்தக் காவலர் கேட்டதோ, உணவை எங்கே வைத்திருக்கின்றீர்கள் என்பதை. கரடி வந்து போகும் இடம் அது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: தேசிய வனங்களிலும் நில முகாமைப் பணியகக் காணிகளிலும் இலையுதிர்காலத்தில் வேட்டைக்கு அனுமதி உண்டு. விடியற்காலையில் வெடிச்சத்தம் கேட்கும். அச்சத்தத்தை இன்னமும் தாங்கமுடியாதவர்கள் எம் வீடுகளில் உளர். அவர்களை அழைத்துப் போவதாயின் கோடையிலேயே போங்கள். யூலை 4ஆம் திகதியையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எமது பெரும் வியாதியாகிய கூட்டம். ஒரு குடும்பம் போகின்றதென்றால் சித்தப்பா குடும்பம், மச்சாள் குடும்பம், ஊரவர் இரு குடும்பம் என்று முப்பது பேர் நான்கு வான்களிற் சேர்ந்துவிடுகின்றோம். ஒலிபெருக்கியும் கூடவே வரும். வனாந்தரத்தில் இது நடவாது. மேற்சொன்ன எல்லை நீர்நிலைகளில் ஓர் அனுமதிக்கு ஒன்பது பேர், நான்கு தோணிகள், அவ்வளவுதான். பத்தாவது ஆள் கைக்குழந்தையாயினும் கணக்கிற் சேரும். மே 1 முதல் செப்ரெம்பர் 30 வரை இரவு தங்குபவர்களுக்கு வாயில்வாரியாக எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. அனுமதிப் பதிவு சனவரி மாதக் கடைசிப் புதன்கிழமை ஆரம்பமாகும். நல்ல வாயில்கள் விரைவிலே முடிந்துவிடும். தைப்பொங்கல் முடிந்த கையோடு திகதியைத் தீர்மானிக்காதவர் ஆடியிற் புலம்பிப் பயனில்லை.

அங்கே தகரப்பேணியும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோக முடியாது. அம்மாமாரின் ஊறுகாய்ப் போத்தல் வாயிலிலேயே நின்றுவிடும். பிளாஸ்ரிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். உணவைக் கரடிக்கு எட்டாத உயரத்திற் கட்டித் தொங்கவிடவேண்டும். அல்லது கரடி திறக்கமுடியாத கொள்கலத்தில் வைக்கவேண்டும். அடிரொண்டாக்கின் உயர்மலைக் கிழக்குப் பகுதியில் இரவு தங்குபவர்களுக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை அக்கொள்கலம் கட்டாயம். ஆகவே கருவாட்டை வீட்டிலே விட்டுச் செல்லுங்கள். நெத்தலிக் கருவாடு வறுக்கும் மணம் அயல் வீட்டாரின் மூக்கை எட்டுவதை நாம் அறிவோம். கரடியின் மூக்கு அதனினும் பன்மடங்கு கூரியது. கூடாரத்துக்குள் ஒரு மிட்டாயும் இருக்கக்கூடாது, பற்பசையும் இருக்கக்கூடாது.

ஆனாற் கெடாத, நீர்ச்சுமையற்ற உணவை யாரிடமும் நாம் கற்கவேண்டியதில்லை. வெள்ளையர் கடையில் விற்கும் உலர்த்திய சாப்பாட்டுப் பொதியின் விலையைப் பார்த்தபோது எனக்குப் புழுக்கொடியல்தான் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கிற் பழுதாகாது, ஒரு துண்டு கடித்தால் ஒரு மணி நேரம் வாய்க்கு வேலை. சத்துமா, தட்டை வடை, எள்ளுப்பாகு, வறுத்த அரிசிமா, பருப்பு ஆகியவற்றுடன் ஐந்து நாட்கள் தாராளமாகப் போகும். ஏரி நீர் பளிங்குபோலத் தெரிந்தாலும் கொதிக்கவைத்தோ வடித்தோதான் குடிக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வயிற்றை வாரக்கணக்கில் அலைக்கழிக்கும்.

நீரைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதுகின்றேன். "நான் கேணியில் நீந்தி வளர்ந்தவன்" என்று மார்தட்டும் ஆண்களை ஒவ்வொரு ஏரிக்கரையிலும் காண்கின்றேன். எங்கள் கேணி நீர் உடலுக்கு இதமானது. பனி உருகி நிறைந்த வட ஏரியின் நீர் மே மாதத்தில் மனிதனின் மூச்சையே நிறுத்திவிடும். நீச்சல் தெரிந்தவனின் கை கால்களும் சில நிமிடங்களில் விறைத்துப்போகும். உயிர்காப்பு அங்கியை அணியாத எவரும் தோணியில் ஏறக்கூடாது. தோணியில் அதைத் தலையணையாக வைத்திருப்பது அணிந்ததாகாது. பருத்தி உடைகளும் வேண்டாம். நனைந்த பருத்தி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையைப் பற்றிப் பலர் ஆவலுடன் பேசுகின்றார்கள். 1974இல் எண்ணெய்க் குழாய்ப் பணிக்காக ஐந்து மாதங்களில் வெட்டப்பட்ட 414 மைல் தெரு அது. பெரும்பகுதி சரளைக்கல். 115ஆவது மைலில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கின்றது. யூன் 21ஐ ஒட்டிய நாட்களில் அங்கே சூரியன் மறைவதில்லை. கோல்ட்பூட் என்ற இடத்தில் எரிபொருள் நிரப்பினால் அடுத்த 240 மைலுக்கு எரிபொருளும் இல்லை, கடையும் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. வாடகைக் கார் நிறுவனங்களிற் பெரும்பாலானவை தம் வாகனங்களை அங்கே கொண்டுபோக விடுவதில்லை. கைக்குழந்தையோடு போகும் முதற் பயணத்துக்கு ஏற்ற இடமல்ல அது. அங்கே போய்ப் படம் எடுத்து அனுப்பினால் ரொறன்ரோவில் உள்ள உறவினர் வியப்பார்கள் என்பது உண்மைதான். அந்த வியப்புக்கு இரண்டு மேலதிகச் சில்லுகளும் நல்லதொரு சாரதியும் வேண்டும். டெனாலிக்குப் போனால் அந்தத் தொல்லை குறைவு: தனியார் வாகனங்களைப் 15ஆவது மைலுக்கு அப்பால் விடமாட்டார்கள், பூங்காவின் பேருந்தில் அமர்ந்தே கரடியையும் கலைமானையும் காணலாம். அங்குள்ள ஒரே தெரு 2021 ஓகஸ்டில் மண்சரிவினால் ஏறத்தாழ நடுவழியில் மூடப்பட்டது. அதன்பின் பாலம் கட்டும் பணி தொடங்கியது. எதுவரை போகலாம் என்பதைப் பூங்கா அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

"ஊரில் தங்கச்சி வீட்டுக்குக் காசு அனுப்ப வழியில்லை, உனக்குச் சுற்றுலாவா?" என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். கேள்வி நியாயமானது. ஆனாற் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசலாம். கூடாரத்தையும் தோணியையும் வாடகைக்கு எடுக்கலாம். நான்காம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் அவ்வாண்டு முழுவதும் அப்பிள்ளையோடு காரில் வருபவர்கள் தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணமின்றிப் போகலாம். ஏனையோருக்கு ஆண்டு அட்டை 80 டொலர். 2026 சனவரி முதல் இவ்விலை இந்நாட்டில் வதிபவர்களுக்கு மாத்திரமே. பிறநாட்டவருக்கு 250 டொலர். படமுள்ள அரச அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் விருந்தினரை யொசெமிற்றிக்கு அழைத்துச் செல்லும் வளைகுடா அன்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: அந்த அட்டை இல்லாவிடில், பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வெளிநாட்டு விருந்தினருக்கும் அங்கே மேலதிகமாக 100 டொலர் செலுத்தவேண்டும். ஒரு மண்டபத்தில் நாம் செய்யும் பிறந்தநாள் விழாவின் செலவோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். அதைப் பற்றித் தங்கச்சி கேட்பதில்லை.

இந்நிலங்கள் வெறுமையாகக் கிடந்தவையல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மினசோட்டாவின் ஏரிகள் ஒஜிப்வே மக்களுடையவை. 1854ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அங்கே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அவர்களுக்கு இன்றும் உரிமை உண்டு. அலாஸ்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் பத்துக் கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பாதுகாப்பிற்குள் கொண்டுவந்தபோது, அந்நிலத்தை நம்பி வாழ்பவர்களின் வேட்டை உரிமையையும் ஏற்றுக்கொண்டது. யொசெமிற்றியிலோ அங்கிருந்த பழங்குடிகள் விரட்டப்பட்ட பின்னர்தான் பூங்கா வந்தது. காணி இழந்தவர்களாகிய நாம் இதைத் தெரியாதவர்கள்போல் நடந்து திரிவது அழகல்ல.

புறப்படுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: யார் யார் போகின்றோம், எந்த வாயில், எந்த ஏரிகள், வாகனத்தின் இலக்கம், திரும்பும் நாள். "இன்ன நாள் இரவு எட்டு மணிக்குள் அழைப்பு வராவிட்டால் இன்ன மாவட்ட ஷெரிப் அலுவலகத்துக்கு அறிவிக்கவும்" என்று அடியில் எழுதி, வீட்டில் நிற்கும் ஒருவரிடம் கொடுங்கள். அலாஸ்காவாயின் மாநிலக் காவற்படைக்கு. போனவர் எங்கே போனார், எப்போது வருவார் என்று அறியாமற் காத்திருக்கும் வீடுகள் எத்தனை என்று எமக்குத் தெரியும். அம்மாவிடம் அந்தத் தாளை நான் கொடுத்தபோது, அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சுவாமிப் படத்தின் பின்னால் வைத்தார். "திரும்பி வாற திகதி எழுதியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

எமது வீட்டில் அடுத்த கோடைக்கு ஐந்து நாட்கள், இரண்டு ஏரிகள் என்று முடிவாகியிருக்கின்றது. எங்கள் நால்வர், தம்பி குடும்பத்தில் மூவர், மச்சாளும் மகனும். சரியாக ஒன்பது. சென்ற கிழமை அம்மா தானும் வருவதாக அறிவித்துவிட்டார். சாக்கட்டிலில் படுக்கமாட்டாராம், பாயும் வேண்டுமாம். யாரை நிறுத்துவதென்று வீட்டிற் சண்டை நடக்கின்றது. சனவரிக்குள் முடிந்துவிடும்.